ஒரு தடவை கேளுங்கள், ஒன்பது தடவை வேண்டாம்

பெறுநர்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்கள், திருச்சி, சென்னை விமான நிலையங்களில் பாதுகாப்பு, சுங்கம், பயணிகள் சேவை ஆகிய பொறுப்புகளில் இருப்பவர்கள்.

மதிப்புக்குரிய அய்யா, அம்மா, வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பணம் கேட்டு எழுதும் மடல் இல்லை. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் வீரர்களுக்கு உதவ ஆணையத்தில் திட்டங்கள் இருக்கின்றன. 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வழியாகவும் உதவி கிடைக்கிறது. அது போதுமா போதாதா என்பது வேறு பேச்சு. டிக்கெட் கைக்கு வந்த பிறகு, வீட்டு வாசலிலிருந்து போட்டி நடக்கும் ரேஞ்ச் வரைக்கும் ஒரு துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நெல், உளுந்து, கொஞ்சம் வாழை. என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். மன்னார்குடி, சீர்காழி, திருத்துறைப்பூண்டிப் பக்கங்களிலும் இந்த விளையாட்டில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட பெற்றோர் சிலர் உண்டு. நாங்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து, யாருக்கு எந்தக் கவுண்டரில் என்ன ஆனது என்று கேட்டுத்தான் அடுத்த பயணத்துக்குத் தயாராகிறோம். எங்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் அதுதான்.

டெல்டாவில் துப்பாக்கி சுடுதலா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “பொண்ணைப் போலீஸ்ல சேர்க்கப் போறீங்களா?” என்று டீக்கடையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து போன பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் சுட்டார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற ட்ராப் அணியிலும் இருந்தார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஏர் ரைபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். திருச்சி கே.கே.நகர் ரைபிள் கிளப்பில் 2022-இல் மாநிலப் போட்டியே நடந்தது. ஆக, விளையாட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகிற வழிதான் இன்னும் சரியாகவில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் அதைக் கேட்காதவர்களே இல்லை. ஏர் ரைபிள் ஒன்று. விதிப்படி அதன் எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் திருகி மாட்டும் காற்று சிலிண்டர். நிரப்பினால் 200 பார் அழுத்தம். குறிபார்க்கும் கருவி, ஸ்பேனர்கள், குழலுக்குள் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காகச் செருகிவைக்கும் வண்ணக் கொடி. பெல்லட் டப்பா தனி. ஒரு பெல்லட் அரை கிராமைக் கொஞ்சம் தாண்டும் ஈயத் துணுக்கு. வெடிமருந்து கிடையாது, வெடிக்காது. இதைத் தவிர இன்னொரு பையில் கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ். ஜாக்கெட்டை மடித்துத் திணிக்க முடியாது. அதன் விறைப்புக்குக்கூட அளவு உண்டு, போட்டிக்கு முன்னால் கருவி வைத்துச் சோதிப்பார்கள்.

இத்தனையும் எதற்கு? பத்து மீட்டர் தொலைவில், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியை அடிப்பதற்கு. ஒன்றேகால் மணி நேரத்தில் அறுபது குண்டு.

இனி கவுண்டருக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 0.177 அங்குலத்துக்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டி ரைபிளில் இருப்பது ஏழரை ஜூலை ஒட்டித்தான். (ஏழரை என்றதும் நீங்கள் நினைப்பது சரிதான். அது துப்பாக்கியில் இல்லை, கவுண்டரில் பிடிக்கிறது.) உரிமம் வேண்டாம் என்பது கேட்க நல்ல செய்தி. ஆனால் விமான நிலையத்தில் நடப்பது இது:

“லைசென்ஸ் எங்கம்மா?”

“இதுக்கு லைசென்ஸ் தேவையில்லை சார்.”

“தேவையில்லைன்னு எழுதின பேப்பர் எங்க?”

அந்தப் பேப்பர் யாரிடமும் இல்லை. தேவையில்லாத ஒன்றுக்கு யார் சான்று கொடுப்பார்கள்? தாலுகா அலுவலகத்தில் கேட்டால், காவல் நிலையத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். காவல் நிலையத்தில், உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு நாங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்கிறார்கள், கொஞ்சம் பயத்தோடு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ரைபிள் சங்கத்தின் கடிதம், போட்டி அழைப்பு, விதியின் அச்சுப் பிரதி, மகளின் சங்க அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போகிறோம். கவுண்டரில் இருப்பவர் அத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிடுவார். மேலாளர் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுவார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசை முழுக்க என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு விமான நிறுவனத்தின் கவுண்டரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதத்தோடு வந்த ஆயுதப் பட்டியலில் துப்பாக்கியின் வரிசை எண் அச்சாகியிருந்தது. எங்கோ ஒரு அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்தவர், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்தை அடித்துவிட்டார். துப்பாக்கியின் உலோகத்தில் பொறித்திருப்பது பூஜ்யம், தாளில் இருப்பது ஓ. அந்த இளம் ஊழியர் செல்போன் டார்ச்சை அடித்து, பெட்டியின் மேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு “மேட்ச் ஆகலையே” என்றார். அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சரிசெய்த கடிதம் அனுப்பச் சொல்லி அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. விளையாட்டுத் துறை சார்ந்த எந்த எண்ணும் அந்நேரம் எடுக்கப்படாது. பயிற்சியாளர் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவர் இன்னொருவரை எழுப்பி, கடைசியில் மின்னஞ்சல் வந்தது. கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மகள் உள்ளே ஓடினாள். போட்டிக்கு முந்தைய இரவு தூங்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, நாடித்துடிப்பு ஏறக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். அதையெல்லாம் ஒரு ஓ அழித்துவிடும்.

சிலிண்டர் தனிக் கதை. அழுத்தம் நிறைந்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அது நியாயம். காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கொண்டுபோகிறோம். ஆனால் காலி என்று எப்படி நிரூபிப்பது என்பதில் ஆளுக்கொரு சட்டம். ஒருவர் அழுத்தம் காட்டும் மானிமீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். இன்னொருவர் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக வைக்கச் சொல்வார். வேறொருவர் வால்வையே பிரித்துக் காட்டு என்பார். அதை விமான நிலையத்தில் வைத்துப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் திரும்ப நம்பி மாட்ட முடியாது. போகும்போது ஒரு சட்டம், அதே நிறுவனத்தில் திரும்பி வரும்போது வேறு சட்டம் என்றும் பார்த்திருக்கிறோம். போதாக்குறைக்குத் தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குப் பத்து ஆண்டு ஆயுள்தான் தருகிறார்கள். அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கவுண்டரிலும் யாருக்கும் தெரியவில்லை. பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

சுங்கத்துக்கு வருவோம். ரைபிள் ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ செய்தது, சில லட்சம் ரூபாய். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கி வந்ததாக நினைத்து வரி கேட்காமல் இருக்க, போகும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைச் செக்-இன்னில் கொடுத்துவிட்டுச் சுங்க அதிகாரியிடம் போனால், பொருளைக் காட்டுங்கள் என்கிறார். முதலில் அவரிடம் போனால், போர்டிங் பாஸ் எங்கே என்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், ஒரு அழைப்பு தூரத்தில்தான் இருக்கிறார்கள். அந்த அழைப்பைச் செய்துவைக்க ஒரு ஆள் இல்லை.

இதெல்லாம் பிரபலம் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்தில், பயிற்சிக்காக போபால் போகக் கிளம்பிய மனு பாக்கரையே நிறுத்திவைத்து 10,200 ரூபாய் கட்டச் சொன்னார்கள். முறையான அனுமதி கையில் இருக்கிறது என்று அவர் பொதுவெளியில் எழுதிய பிறகுதான் வழி பிறந்தது. பிற்பாடு பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியது அதே மனு பாக்கர்தான். அவருக்கு ட்விட்டர் இருந்தது. சீர்காழிப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

ஏர் ரைபிளே இப்படி என்றால், வெடிமருந்துத் தோட்டா சுடுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். உலக விமானப் போக்குவரத்து விதிப்படி ஒரு பயணி தனக்காக ஐந்து கிலோ தோட்டா வரைதான் கொண்டுபோகலாம், அதுவும் விமான நிறுவனம் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால். இரண்டு பேருடையதை ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கவும் கூடாது. 0.22 தோட்டாவுக்கு ஐந்து கிலோ தாராளம், ஆயிரத்துக்கு மேல் வரும். ட்ராப் சுடுகிறவர் கணக்கைப் பாருங்கள்: ஒரு தோட்டா நாற்பது கிராமை ஒட்டி வரும், ஐந்து கிலோவுக்கு 125 தோட்டா. தகுதிச் சுற்றில் பறக்கும் தட்டுகளே 125. ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். பயிற்சிக்கு எங்கே போவது? அங்கேயே போய் வாங்கலாம், பழகிய தோட்டா கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தக் கணக்கு தெரியாத ஒருவர் அதிலும் பாதியைக் குறைக்கச் சொன்னால் எதைக் குறைப்பது?

சரி, இனி விசா. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதிக்கே உரிய தலைவலி இங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. பிள்ளை எந்தப் போட்டிக்குப் போகிறாள் என்பதே தேர்வுப் போட்டிகள் முடிந்து, பட்டியல் வந்த பிறகுதான் தெரியும். மிச்சமிருப்பது சில வாரம். விண்ணப்பித்த பிறகு முடிவு சொல்ல வழக்கமாகப் பதினைந்து நாள். அதற்கு முன்னால் விரல்ரேகை கொடுக்க நேரம் கிடைக்க வேண்டும். கோடைக்கு முன்னால் சுற்றுலாக் கூட்டத்தோடு கூட்டமாக எங்கள் பிள்ளைகளும் அந்த வரிசையில்தான்.

கேட்கும் காகிதங்களைப் பாருங்கள். வருமான வரிக் கணக்கு. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் எங்களில் பலர் கணக்குத் தாக்கல் செய்ததே இல்லை. வங்கிக் கணக்கு விவரம். எங்கள் கணக்கைத் திறந்தால் மாதச் சம்பளம் என்று ஒரு வரிகூட இருக்காது. தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லைப் போட்டால் ஒரு தொகை மொத்தமாக வரும். குறுவை போட்ட வருடம் புரட்டாசி வாக்கில் இன்னொரு தொகை. நடுவில் கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன், உரக்கடைக்குப் போன பணம். டெல்டாவில் எந்த வீட்டுக் கணக்கும் இப்படித்தான் இருக்கும். ஆனால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைப் பார்ப்பவருக்கு, திடீரென்று ஒரு பெரிய தொகை வந்ததும் அது சில நாளில் கரைந்ததும்தான் தெரிகிறது. விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணமோ என்று சந்தேகம். மேட்டூர் அணை எப்போது திறந்தது என்று அவருக்கு எப்படி விளக்குவது? பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் எங்களிடம் பக்காவாக இருக்கின்றன. எல்லாம் தமிழில். மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்க ஒரு நாள், சில ஆயிரம்.

அப்புறம், பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் அம்மா அப்பா இருவரின் ஒப்புதலும் வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை அப்பாக்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர் அங்கே விடுப்பு போட்டு, இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, கையெழுத்தைச் சான்றிட்டுக் கூரியரில் அனுப்ப வேண்டும். திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், நிலமும் பள்ளிக்கூடமும் வீடும் தான் ஒருத்தியே பார்த்துக்கொள்ளும்போது இதற்கு மட்டும் அவர் கையெழுத்துதான் முக்கியமா என்று எரிச்சலோடு கேட்டார். சட்டம் அப்படி. பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

பெயர்ச் சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, முன்னெழுத்தோடு சரி. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், சங்க அட்டையில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். போட்டி அழைப்பில் அப்பா பெயரையே பிள்ளையின் பெயராக அச்சடித்து அனுப்பியதும் நடந்திருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் நான்கு காகிதத்தில் நான்கு விதமாகப் பெயர் இருந்தால் யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

விசா என்பது விளையாட்டுக்கு வெளியே நடக்கும் காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019 பிப்ரவரியில் டெல்லி உலகக் கோப்பைக்கு பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கிடைக்காமல் போனது. அவர்கள் சுட வேண்டிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் பிரிவில் அந்தப் போட்டிக்கு இருந்த ஒலிம்பிக் தகுதி இடங்களையே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி எடுத்துவிட்டது. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒரு பாஸ்போர்ட்டில் ஒட்டும் காகிதம் ஒலிம்பிக் வரை போய் முட்டும் என்பதற்காகச் சொன்னேன்.

பயண வழியைப் பற்றியும் கொஞ்சம். திருச்சியில் 2024-இல் புதிய முனையம் வந்துவிட்டது, பெருமையாக இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்குச் சிங்கப்பூர் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் துப்பாக்கிப் பெட்டியோடு அந்தத் தெரு வழியாகப் போக முடியாது. அங்கே ஏர் துப்பாக்கியும் ஆயுதக் கணக்கில்தான் சேரும். இறங்கி வேறு விமானம் மாறுவதானாலும் முன் அனுமதி வேண்டும். இடையில் இறங்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. மலிவான டிக்கெட் என்று எடுத்தால், அது எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பார்த்துவிட்டு ரத்து செய்ய வேண்டியிருக்கிறது.

அணியாகப் போகும்போது பெரும்பாலும் டெல்லியிலிருந்துதான் கிளம்புவார்கள். ஆகவே கும்பகோணத்தில் ரயில் ஏறி, பெட்டியைக் கீழ்பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டி, தூங்காமல் சென்னை போய், அங்கிருந்து டெல்லி விமானம். வெளிநாட்டு டிக்கெட்டில் எடை தாராளமாகத் தருவார்கள். தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பதினைந்து கிலோதான். துப்பாக்கிப் பெட்டியே பத்துப் பன்னிரண்டு கிலோ வந்துவிடும். ஜாக்கெட்டும் பூட்ஸும் சேர்ந்தால் மீதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆயுதம் கையாளும் கட்டணம் என்று தனியாக ஒன்றும் கேட்பார்கள். அது எவ்வளவு என்று கவுண்டருக்குப் போனால்தான் தெரியும்.

இத்தனையும் தாண்டிப் போய் இறங்கினால், பிள்ளை வந்துவிடுவாள், பெட்டி வராது. ஆயுதப் பெட்டியை விமானம் மாற்றும்போது தனியாகக் கையால் சரிபார்த்து ஏற்றுகிறார்கள். இணைப்பு நேரம் குறைவாக இருந்தால் அது பின்தங்கிவிடும். எங்கள் குழுவில் ஒரு பையனுக்கு அப்படி ஆனது. ஜாக்கெட் இருக்கிறது, ரைபிள் இல்லை. இன்னொரு வீரர் பெரிய மனதோடு தன்னுடையதைக் கொடுத்தார். ஆனால் தோளில் பதியும் தகடு, கன்னம் சாயும் கட்டை, விசையின் இழுவை எல்லாம் அந்த வீரரின் உடம்புக்கு வைத்த அளவு. ஒரு மில்லிமீட்டர் மாறினாலே புள்ளி கண்ணுக்குள் நிற்காது. அவன் பெட்டி வந்து சேர்ந்தபோது பயிற்சி நேரம் முடிந்திருந்தது. அந்தப் போட்டியில் அவன் எடுத்த மதிப்பெண் மட்டும் பதிவில் இருக்கிறது, பெட்டி வராத கதை எந்தப் பதிவிலும் இல்லை. அடுத்த தேர்வில் அந்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

தேர்தல் காலத்தையும் விட்டுவிடக் கூடாது. நடத்தை விதிகள் வந்ததும் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மார்ச்சில் சொன்னார்கள், ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார்கள். தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களான விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு தருவது வழக்கத்தில் உண்டு. அந்தச் செய்தி மாவட்டத் தலைநகரிலிருந்து கிராமத்துக் காவல் நிலையம் வந்து சேர்வதற்குள் துப்பாக்கி அலமாரிக்குள் போய்விடுகிறது. உரிமமே வேண்டாத ஏர் ரைபிளையும் ஒரு நிலையத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். வாங்கி வைத்தால் ரசீது எழுத அவர்களிடம் அதற்கான பத்தி இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. துப்பாக்கி என்றால் கேட்கத்தான் வேண்டும். என் மகளையும் கேளுங்கள், பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அதை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டு, செய்தாயிற்று என்று எழுதிக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஆட்சியர்களிடம் கேட்பது ஒரு பக்கச் சான்று. தமிழிலும் ஆங்கிலத்திலும். வீரரின் படம், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், துப்பாக்கியின் படம், வரிசை எண், இது விதிப்படி உரிமம் வேண்டாத ஏர் துப்பாக்கி என்று ஒரு வரி. மாவட்ட விளையாட்டு அலுவலர் துப்பாக்கியை நேரில் பார்த்து எண்ணைச் சரிபார்க்கட்டும், காவல் துறை மேலொப்பமிடட்டும், சான்று ஓராண்டு செல்லுபடியாகட்டும். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு, தேர்தல் விலக்கு ஆணையை அறிவிப்பு வரும் அன்றே அந்தந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு விசா என்றால், நிலம் எவ்வளவு, எந்தப் பருவத்தில் வருமானம் வரும் என்று தாசில்தார் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆணையத்திடம் கேட்பது ஒரு ஆள். இரவிலும் போன் எடுக்கிற ஆள். அணிப் பட்டியல் வந்த அன்றே விசா மையத்துக்கும் துணைத் தூதரகத்துக்கும் அரசு முத்திரையோடு கடிதம் போட வேண்டும். அழைப்பில் உள்ள பெயரையும் வரிசை எண்ணையும் நாங்கள் அனுப்பும் படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். டிக்கெட்டை ஊர் முதல் ஊர் வரை ஒரே பதிவாக, துப்பாக்கிக்கு ஒத்துவரும் வழியில், இணைப்புக்குப் போதிய இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். டிக்கெட் எடுப்பவர்களுக்குத் துப்பாக்கி தெரியாது, துப்பாக்கி தெரிந்தவர்கள் டிக்கெட் எடுப்பதில்லை. இரண்டும் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எங்களைக் கேளுங்கள், திருத்துறைப்பூண்டி அம்மா ஒருவர் இந்த விஷயத்தில் பாதி அதிகாரியே ஆகிவிட்டார்.

விமான நிலையத்தாரிடம் கேட்பது: இரண்டு நாள் முன்னதாக நாங்கள் விவரம் அனுப்புகிறோம். அன்றைக்குப் பாதுகாப்பு, சுங்கம், விமான நிறுவனம் மூன்று தரப்பும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்க்கட்டும். வரிசையின் நடுவில் வேண்டாம், ஒரு ஓரமாக, கூட்டம் வேடிக்கை பார்க்காத இடத்தில். சிலிண்டரை எப்படிக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள், ஆயுதக் கட்டணம் எவ்வளவு என்று விமான நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கட்டும். எழுதி வைத்ததைக் கவுண்டரில் இருப்பவருக்கும் சொல்லட்டும். இன்னொன்று, படம் எடுக்க வேண்டாம். “சும்மா ஒரு போட்டோ” என்று பிள்ளையின் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துச் செல்போனில் எடுத்துக்கொண்ட ஊழியர்களைப் பார்த்திருக்கிறோம். கேட்டால் “குழந்தைக்குக் காட்ட” என்கிறார்கள்.

அடுத்த தேர்வுப் போட்டிகளுக்கு முன்னால் இதில் ஏதாவது ஒன்றையாவது தொடங்கிவிட முடியும் என்று நம்புகிறோம். எதை முதலில் என்று கேட்டால், அந்த ஒரு பக்கச் சான்றைத்தான் சொல்வேன்.

உங்களுக்கு நேரில் பார்த்தால்தான் விளங்கும் என்றால், ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில் பெட்டியோடும் காகிதக் கவரோடும் வந்து எல்லாவற்றையும் மேசையில் விரித்துக் காட்டத் தயாராக இருக்கிறோம். சிலிண்டர் காலியாக இருக்கும், பெல்லட் வீட்டில் இருக்கும். வாசலில் நிற்கும் காவலருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்திலிருந்து,
ஏர் ரைபிள் சுடும் ஒரு பெண்ணின் அப்பா